பூதத்தின் இனிஷியல்

குழந்தைக் கதைகள் மீது தொழிலாளர் சட்டத்தோடு பாய்ந்த ஒரே மனிதர், உலகத்திலேயே எங்கள் பூதம் அண்ணன்தான். திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் நாங்கள் முப்பது பேர் காண்ட்ராக்ட் வேலை பார்த்தோம். டீ நேரம் வந்தால் ஏதாவது ஒரு கதையை எடுத்துப் பிரித்துப் போட்டுவிடுவார்.

"ராட்சசன அடிச்சது இவன். பாதி நாடுதான் குடுப்பேன்றான் ராசா. மீதி பாதி இன்னாத்துக்கு அவன் கையிலயே கீது?"

பாட்டில் பூதம் என்றால் குரலே உயரும். அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். "கூப்டா வரணும், மலைய தூக்கணும், முடிஞ்சா பாட்டில்ல போய் குந்திக்கணும். பிஎஃப் கீதா? பேராவது கீதா மாமு?"

எங்களையும் பதினோரு மாதத்துக்கு ஒருமுறை, ஒரு மாதம் 'பிரேக்' என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தொடர்ந்து வேலை பார்த்தால் நிரந்தரமாக்க வேண்டி வருமே. அண்ணன் அதை "பாட்டிலுக்குப் போறேன்" என்பார். அண்ணியும் விசாரித்தவர்களிடம் "அவுரு பாட்டில்ல கீறாரு" என்று சொல்லிச் சொல்லி, டீயைத் தவிர எதையும் தொடாத மனிதருக்குத் தெருவில் குடிகாரர் என்று பெயர்.

ஒருநாள் லேபர் ஆபீசர் வந்தார். "இங்க யாருக்காவது பிரேக் குடுக்கறாங்களா?" பக்கத்திலேயே மேனேஜர். வாய் திறந்தவனுக்கு மறுநாள் கேட் திறக்காது. எல்லோரும் அவரவர் செருப்பைப் பார்த்தோம்.

அண்ணன் மட்டும் முன்னால் போனார். "ஒரு கதை சொல்லவா சார்? ஒரு ஊர்ல ஒரு பூதம். பதினோரு மாசம் மலை தூக்கும். ஒரு மாசம் பாட்டில்ல போட்டு மூடிடுவாங்க."

ஆபீசர் பேனாவைத் திறந்தார். "எத்தன வருஷமா?"

"பன்னெண்டு."

"பூதத்தோட பேரு?"

மேனேஜர் இருமினார். அண்ணன் தன் சொந்தப் பேரை இனிஷியலோடு சொன்னார். எங்களுக்கே அன்றுதான் தெரியும்.

"வேற பூதம் யாராவது?"

"நான் ஒத்தன்தான் சார்."

மறுநாள் அவருக்கு கேட் திறக்கவில்லை. அவர் வாக்குமூலத்தை வைத்து ஆபீசர் ரிஜிஸ்டரையெல்லாம் கிளற, ஒரு வருடத்தில் மற்ற இருபத்தொன்பது பேரும் நிரந்தரமானோம்.

எர்ணாவூரில் அவர் போட்ட பஞ்சர் கடைக்கு, என் புது அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு போனேன். துடைத்த கையால் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பேரு போட்டுகீறானே! சரி, மூடிய தூக்கி கடாசிட்டியா?"

"இன்னா மூடிண்ணா?"

"பாட்டில் மூடி நைனா. வுட்டா மறுபடியும் மூடிடுவானுங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் டியூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தார்.

இப்போது என் மகளுக்கு எந்தக் கதை சொன்னாலும் பூதத்துக்கு அவர் பேர்தான். இனிஷியலோடு.