தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில் ஒரு பம்ப் நிபுணர்

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு உள்ளே இருப்பவர்கள் மருத்துவர்கள். வெளியே, வரிசை நாற்காலியில், காலை அகட்டி உட்கார்ந்திருக்கிறாரே, அவர் வாசல் நிபுணர். படித்தது வேறு, பிழைப்பு வேறு; ஆனாலும் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் அவர் வைத்ததுதான் சட்டம்.

வரும்போதே அடையாளம் தெரிந்துவிடும். ஒரு கையில் தேக்கா சந்தையில் வாங்கிய இடியாப்பம் (யாருக்கு என்று கேட்காதீர்கள், நோயாளி மயக்கத்தில் இருக்கிறார்), மறு கையில் கைப்பேசி, அதற்குள் யாரோ அனுப்பிய இதய வீடியோக்கள் ஏழு. "சுகர் இருக்கா? பிரஷர் இருக்கா? நான் அப்பவே சொன்னேன்லா!" எப்போது சொன்னார்? யாரிடம் சொன்னார்? அதெல்லாம் கேட்கக் கூடாது.

எங்கள் நிபுணர் சேதுபதி. ஜாலான் புசார் வட்டாரத்தில் தண்ணீர் பம்ப் கடை, முப்பது வருட அனுபவம். அவருடைய நண்பர் ஆம்ப்ரோஸ் மாரடைப்பில் விழுந்து, இதயத்தின் வேலையை ஓர் இயந்திரம் பார்த்துக்கொண்டிருந்த மூன்றாம் நாள் காலை, சர்ச் ஆட்கள் நாலைந்து பேரோடு நானும் அங்கே இருந்தேன். டாக்டர் வைஷாலி வெளியே வந்து ஆம்ப்ரோஸின் மனைவி பிலோமினம்மாளிடம் பொறுமையாகச் சொன்னார்.

"ஆன்ட்டி, மெஷின் ரத்தத்தை நல்லா தள்ளுது. ஆனா அதை எதிர்த்து அங்கிளோட ஹார்ட்டால ரத்தத்தை வெளிய அனுப்ப முடியல. உள்ளேயே தேங்கி ஹார்ட் வீங்குது, நுரையீரல்ல தண்ணி சேருது. கால் ரத்தக்குழாய் வழியா ஹார்ட்டுக்குள்ள ஒரு சின்ன பம்ப் விட்டு அந்தத் தேக்கத்தை எடுக்கணும். ரிஸ்க் இருக்கு. ஆனா லேட் ஆச்சுன்னா ஹார்ட் தேறுறது கஷ்டம். நீங்க சரின்னா இப்பவே செய்யலாம்."

பம்ப்! அந்த ஒரு சொல் போதாதா? சேதுபதி எழுந்தே நின்றுவிட்டார்.

"டாக்டர், நானும் இதே லைன்தான். ஒரு பைப்புக்கு ரெண்டு பம்ப்பா? மோட்டார் கருகிடும்லா! தங்கச்சி, அவசரப்படாதீங்க. சென்னையில நமக்கு ஒருத்தர் இருக்காரு, கேட்டுச் சொல்றேன்."

"அவர் டாக்டரா, அங்கிள்?" என்றாள் மகள் கிளாரிசா.

"ஹாஸ்பிட்டலுக்கே மோட்டார் சப்ளை பண்றவரும்மா!"

சிரிக்காதீர்கள். மனிதர் நல்லவர். மூன்று நாளாகக் கடையைச் சாத்திவிட்டு அங்கேயே கிடந்தவர். நண்பன் போய்விடுவானோ என்ற பயம்தான் அவருக்கு அறிவுரையாக வாயில் வருகிறது. ஆனால் அது யார் தலையில் விழுகிறது? ஜெபமாலையை இறுக்கிப் பிடித்தபடி பிலோமினம்மாள் டாக்டரைப் பார்த்தார், சேதுபதியைப் பார்த்தார். நாங்களாவது சும்மா இருந்தோமா? ஒருவர் வேறு டாக்டரைக் கேட்கச் சொன்னார், இன்னொருவர் ஃபாதர் வரட்டும் என்றார், நான்கூட "எதுக்கும் யோசிச்சு செய்ங்க" என்று என் பங்குக்கு ஒன்றைப் போட்டேன். பத்து நிமிடம் போய்விட்டது. உள்ளே ஓர் இதயம் வீங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணே," என்றார் பிலோமினம்மாள் கடைசியில். "போன வருஷ மழையில உங்க கடைக்குள்ள தண்ணி தேங்குச்சே, என்ன செஞ்சீங்க?"

"சின்ன பம்ப் ஒண்ணு போட்டு இறைச்சேன்."

"சென்னைக்கு போன் போட்டுக் கேட்டுட்டா?"

சேதுபதி கைப்பேசியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"டாக்டர், செய்ங்க. மத்தவங்க எல்லாம் கொஞ்ச நேரம் கீழ போங்க, புண்ணியமாப் போகும். எனக்கு மூச்சு முட்டுது."

போனோம். வாயைப் பொத்திக்கொண்டு போனோம்.

தேக்கம் வடிந்தது. ஆறாம் நாள் ஆம்ப்ரோஸின் இதயம் தன் வேலையைத் தானே பார்க்கத் தொடங்கியது. பெரிய இயந்திரத்தைக் கழற்றினார்கள். அதுவரை அழாத பிலோமினம்மாள் அன்றுதான் உட்கார்ந்து அழுதார். சேதுபதியும் தேம்பித் தேம்பி அழுதார். கண்ணைத் துடைத்த கையோடு பக்கத்து நாற்காலிக்காரரிடம், "அந்தச் சின்ன பம்ப் ஐடியாவே நம்ம கடையில வந்ததுதான்லா" என்று ஆரம்பித்துவிட்டார்.

நீங்கள் அப்படிப்பட்ட வாசல் நிபுணரெல்லாம் இல்லை என்கிறீர்கள். சரி, இருக்கட்டும். ஆனால் இயந்திரம் தள்ளும்போது இதயத்தில் ரத்தம் ஏன் தேங்குகிறது, அதற்குச் சின்ன பம்ப் எதற்கு என்பதெல்லாம் இப்போது உங்களுக்குத் தெரிந்துவிட்டது அல்லவா? அதுவும் ஒரே பக்கத்தில்! நான் இதுவரை மூன்று பேரைப் பிடித்து நிறுத்தி விளக்கியாகிவிட்டது. நாலாவது ஆள் உங்களிடம்தான் மாட்டப்போகிறார்.