காதுகள் இணையாமை தொடர்பாக

காது என்னும் உறுப்பின் அருமையை மனித இனம் முழுமையாக உணர்ந்தது புங்கனேரி கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில்தான். மக்களின் குறைகளைக் 'காது கொடுத்துக் கேட்க வேண்டும்' என்று மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. மற்ற அலுவலகங்கள் அதைப் படித்துவிட்டு அடுக்கில் வைத்தன. புங்கனேரி மட்டும் உடனே டெண்டர் விட்டு ஒரு ஜோடி காது வாங்கியது. வயர் இல்லாத, சார்ஜ் ஏறும், வெள்ளை நிறக் காது.

அந்தக் காதை நம்பித்தான் வெள்ளிக்கிழமை காலை ஆரோக்கியசெல்வி வந்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு வேண்டியது வீட்டுக்கு ஒரு குடிநீர் இணைப்பு. தெருவில் பாதிவரை வந்த பைப், அவள் வீட்டுக்கு முந்தின வீட்டோடு களைத்து நின்றுவிட்டது. மூன்று வருடமாக மனு கொடுக்கிறாள். முதல் மனு 'இணைப்பு இல்லை' என்று எழுதித் திரும்பி வந்தது. இணைப்பு இல்லாததால்தானே மனுவே கொடுத்தேன் என்று போய்க் கேட்டாள். மனுவோடு ரேஷன் கார்டு நகல் இணைக்கப்படவில்லை என்று அன்போடு விளக்கினார்கள்.

இதுவரை பக்கத்து வயல் பக்கிரியின் பம்ப்செட்டில் தண்ணீர் பிடித்தாள். பக்கிரி நிலத்தை மனை பிரித்துவிட்டார். திங்கட்கிழமை முதல் பம்ப்செட்டுக்குப் பூட்டு. இன்றைக்கு விட்டால் அடுத்த குறைகேட்பு மூன்று மாதம் கழித்துத்தான். இன்றைக்கே சேதராப்பட்டு கம்பெனியில் இரண்டு மணி ஷிப்டுக்கும் போயாக வேண்டும்.

பதினோரு மணிக்குக் குறைகேட்பு அலுவலர் விஜயராஜ் காதுகளை மாட்டிக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தார். திரையில் டவுனிலிருந்து மேலதிகாரி மேடம் வாயசைத்தார். சத்தம் மட்டும் வரவில்லை.

"கனெக்ட் ஆவல, பாக்யராஜ்" என்றார் எழுத்தரிடம்.

பாக்யராஜ் சளைத்தவர் அல்ல. காதுகளை வாங்கி ஊதினார். வேட்டி நுனியால் துடைத்தார். லேப்டாப்பை அணைத்துப் போட்டார். பிறகு முறைப்படி ஒரு கோப்பு திறந்து, 'பொருள்: காதுகள் இணையாமை – தொடர்பாக' என்று எழுதி அலுவலரிடம் கையெழுத்தும் வாங்கினார். காது அதற்கும் மசியவில்லை. திரையில் மேடம் இரண்டு தரம் டீ குடித்துவிட்டார்.

"லேப்டாப்புலயே ஸ்பீக்கர் இருக்குதே சார்" என்றாள் ஆரோக்கியசெல்வி.

விஜயராஜ் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "மக்கள் குறையெல்லாம் ரகசியம்மா. மக்கள் காதுல வுழக் கூடாது."

இவ்வளவு பொறுப்பான நிர்வாகத்தின் கீழ் வாழ்கிறோமே என்று அவளுக்கு நெஞ்சை அடைத்தது. மணி பன்னிரண்டு.

"குடுங்க சார், நான் பாக்கறேன்."

"அரசு சொத்தும்மா இது."

"எங்க கம்பெனில இந்தக் காதத்தான் செய்றோம் சார். எங்க லைன்ல ஒரு ஷிப்டுக்கு முந்நூறு செட்டு டெஸ்ட் பண்றேன். முதல்ல உங்க போன எடுங்க."

போனில் நேற்றைய கிரிக்கெட் பாதியில் நின்றிருந்தது. "இது உங்க போனோட ஒட்டிக்கினு இருக்குது சார். அத வுட்டாத்தான் இங்க வரும்." ஒரு மணி நேரமாக அலுவலகத்தின் காது அலுவலரின் சட்டைப் பைக்கு விசுவாசமாக இருந்திருக்கிறது.

அவள் போனில் புளூடூத்தை அணைத்தாள். இரண்டு காதையும் டப்பாவில் வைத்து, மூடாமல், பொத்தானைப் பத்து எண்ணும்வரை அழுத்திப் பிடித்தாள். விளக்கு மினுக்கியது. லேப்டாப்பில் பழைய பெயரை நீக்கிப் புதிதாகச் சேர்த்தாள். 'டிங்' என்றது.

"கோப்பு நம்பர் கூட போடலயே" என்று பாக்யராஜ் வருத்தப்பட்டார்.

விஜயராஜ் காதுகளை மாட்டிக்கொண்டார். இப்போது மேடத்தின் குரல் அவருக்கு மட்டும் கேட்டது. ஆரோக்கியசெல்விக்குக் கேட்டது அவருடைய பாதிப் பேச்சு.

"வணக்கம் மேடம்… ஆமா மேடம், இணைப்புதான் பிரச்சன… இப்ப கெடைச்சிடுச்சி மேடம்… நல்லா வருது. விட்டு விட்டெல்லாம் வரல, தொடர்ச்சியா வருது… அந்தம்மா பக்கத்துலதான் இருக்காங்க, அவங்களுக்கும் சந்தோஷம்."

திரையில் மேடத்தின் கையில் இருந்தது அவளுடைய மனு. "சார், தண்ணியப் பத்திச் சொல்லுங்க" என்று எழுந்தாள். விஜயராஜ் கையைக் காட்டி அடக்கினார். மேடம் புன்னகையோடு எதையோ தட்டினார். திரை இருண்டது.

அவள் போனில் செய்தி வந்தது. 'குடிநீர் இணைப்பு வழங்கப்பட்டது. தொடர்ச்சியாக வருகிறது. மனுதாரர் மகிழ்ச்சி. மனு முடித்து வைக்கப்பட்டது.'

அதை அவர் கண்ணெதிரே நீட்டினாள். படித்ததும் விஜயராஜின் முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு பதவி வந்து அதை நேராக்கியது. காதுகளைக் கழற்றினார்.

"புதுசா ஒரு மனு போட்டுடுங்க."

"முடியாது சார்" என்றார் பாக்யராஜ். "இணைப்பு இருக்கறவங்களுக்கு ரெண்டாவது இணைப்பு கெடையாது."

"அப்ப இருக்கற இணைப்பத் துண்டிக்கச் சொல்லி மனு குடுக்கட்டும்."

"அதுக்கு இணைப்பு எண் வேணும் சார்."

விஜயராஜ் அலுத்துப்போய்க் காதுகளைத் திரும்ப மாட்டிக்கொண்டார். ஆரோக்கியசெல்விக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "திங்கக்கெழம தண்ணிக்கு நான் எங்க சார் போவேன்? எம் புள்ளைங்க இன்னாத்த குடிக்கும்?"

விஜயராஜ் அவள் வாயசைவதைக் கொஞ்ச நேரம் கவனித்துவிட்டு ஒரு காதைக் கழற்றினார். "இன்னாம்மா சொன்ன? இத மாட்டினா வெளிய பேசறது ஒண்ணுமே கேக்கல. நல்ல சாமான்."

"கேக்காது சார்" என்றாள் அவள், பையை எடுத்துக்கொண்டு. "எதிர்ல நின்னு கத்தினாலும் கேக்காதபடிதான் செய்யச் சொல்லியிருக்காங்க."