ஆறு மணிக்குக் கவலைப்படவும்

மாத்திரை போட மாட்டேன் என்று டாக்டரின் மேஜையைத் தட்டிச் சொன்னேன். தட்டிய வேகத்தில் அவருடைய பேனா உருண்டு விழுந்தது. யார் காலிலாவது குத்திவிடுமோ என்று உடனே நெஞ்சு அடித்துக்கொண்டது. என் வியாதியே இதுதான்.

தொழில் அப்படி. நான் இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட். வீடு எரியும், வண்டி கவிழும் என்று பகலெல்லாம் ஊரைப் பயமுறுத்துவேன். ராத்திரி அதையெல்லாம் நானே நம்பிக்கொண்டு விழித்திருப்பேன்.

டாக்டர் நல்லவர்.

"லேசாத்தான் இருக்கு. ஒரு மாசம் பழக்கத்தை மாத்திப் பாருங்க. நடங்க. நேரத்துக்குத் தூங்குங்க. கவலைக்குன்னு தினம் அரை மணி ஒதுக்குங்க. மத்த நேரத்துல எந்தக் கவலை வந்தாலும் அப்புறம்னு தள்ளி வைங்க. சரியாகலைன்னா மாத்திரைதான்."

பக்கத்தில் இருந்த என் மனைவி தலையை மட்டும் ஆட்டினாள். அவள் வாயைத் திறக்காதபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

மறுநாள் காலை நடக்கப் போவதற்காக ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, கவலைக்கு எந்த நேரம் வச்சிருக்கீங்க?"

"சாயங்காலம் ஆறுலேர்ந்து ஆறரை."

"நல்லது. எங்க அண்ணன் வர்றார். ரெண்டு மாசம் இருப்பார்."

"ரெண்டு மாசமா?"

"இப்ப மணி ஏழு."

"இல்ல, அவர் எதுக்கு..."

"ஏழுங்க. மூச்சை இழுத்து விடுங்க."

இழுத்தேன். விட்டேன். சாயங்காலம் ஆறு அடித்ததும் நாற்காலியில் சாய்ந்து முறைப்படி ஆரம்பித்தேன்.

"உங்க அண்ணன் வர்றதைப் பத்திப் பேசணும்."

"காலையிலேயே பேசியாச்சே. நீங்க ஒண்ணும் சொல்லலை. சரின்னு சொல்லிட்டேன். டிக்கெட்டும் எடுத்துட்டார்."

மச்சான் வந்து இறங்கினார். கூடவே ஒரு ட்ரம்ஸ் செட்டும் இறங்கியது.

"இது எதுக்கு?"

"அவருக்கும் மனசு சரியில்லைங்க. உங்களை மாதிரியே மாத்திரை வேண்டாம்னுட்டார். ஏதாவது வாத்தியம் கத்துக்கச் சொன்னாங்களாம்."

"எப்ப வாசிப்பார்?"

"உங்களுக்குத் தொந்தரவு இல்லாத நேரமாப் பாத்து வச்சிருக்கேன். ஆறுலேர்ந்து ஆறரை. அப்ப நீங்க சும்மாதானே உக்காந்திருக்கீங்க."

அன்று முதல் ஆறு மணிக்கு வீடு அதிர்ந்தது. மச்சான் தட்டினார், தட்டிக் கேட்கத்தான் ஆளில்லை. என்ன கவலைப்படுகிறேன் என்று என் காதிலேயே விழவில்லை. ஆறரைக்குச் சத்தம் நிற்கும். என் நேரமும் முடிந்திருக்கும். வரிசையில் நின்ற கவலைகள் கால் வலித்து ஒவ்வொன்றாகக் கலைந்து போயின.

ஒருநாள் துணிந்துவிட்டேன்.

"இனிமே நாள் முழுக்கக் கவலை நேரம்."

"தாராளமா. மாத்திரை கேட்டு டாக்டருக்குப் போன் போடட்டுமா?"

வேண்டாம் என்றேன்.

மாதம் முடிந்தது. டாக்டர் நாடி பார்த்தார், தூக்கத்தைப் பற்றிக் கேட்டார். படுத்ததும் தூங்கிவிடுகிறேன் என்ற உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது. அந்தச் சத்தம் ஓய்ந்த நிம்மதியில் யாருக்குத்தான் தூக்கம் வராது?

"பிரமாதம். உங்களுக்கு மாத்திரையே தேவையில்லை."

"ஒரே ஒரு மாத்திரை கொடுங்களேன் டாக்டர்."

"எதுக்கு?"

"என் மச்சானுக்கு."

டாக்டர் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை.

"இவருக்குக் கவலைப்பட அரை மணி ஜாஸ்தியோன்னு தோணுது டாக்டர்."

"ஆமாம், கால் மணி போதும்."

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, அண்ணனுக்கு நம்ம வீடு ரொம்ப ஒத்துக்கிச்சாம். இங்கேயே இருந்துடறேங்கிறார்."

வாயைத் திறந்தேன். அவள் வரவேற்பறைச் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினாள்.

மூச்சை இழுத்து விட்டேன்.