கவிழ்க்கக் கூடாத நாற்காலி

பூர்வீகக்காரர் என்று ஓர் இனம் உண்டு. நஞ்சை புஞ்சை உள்ளவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். தம் கையில் இருக்கிற பொருள் எதுவானாலும், அது எல்லாப் பொருளையும் போலக் கடையில் கிடந்து காசு கொடுத்து வந்து சேர்ந்தது என்று ஒருநாளும் ஒப்புக்கொள்ளாதவர் எவரோ, அவரே பூர்வீகக்காரர். நீங்கள் உங்கள் குடையைக் காட்டி, "மழைக்கு வாங்கினேன்" என்பீர்கள். அவர் தம் குடையைக் காட்டி, இதை ஊன்றிக்கொண்டுதான் ஒரு மனிதர் பர்மாவிலிருந்து நடந்தே வந்தார் என்று தொடங்குவார். அந்த மனிதர் ரங்கூனில் யாரிடம் வேலை பார்த்தார், வழியில் எந்த ஆற்றைக் கடந்தார், கைப்பிடியில் இருக்கும் கீறல் எந்த மிருகத்தின் பல் என்றெல்லாம் அவர் சொல்லி முடிப்பதற்குள் மழை நின்றிருக்கும். குடை விரியாது. அது வேறு விஷயம்.

இப்படிப்பட்டவர் பலசரக்குக் கடை வைத்தால் நஷ்டப்படுவார். துவரம்பருப்புக்குப் பூர்வீகம் கேட்க யாருக்குப் பொழுது இருக்கிறது? ஆனால் அவர் பழைய மரச்சாமான் கடை வைத்துவிட்டால்?

விருதுநகரில் பெத்தணன் வைத்தார். மிளகாய் வத்தல் மூட்டை அடுக்கும் கிட்டங்கி ஒன்றுக்குப் பக்கத்துக் கட்டடம். உள்ளே நுழைந்தவர் நாலு எட்டு வைப்பதற்குள் தும்முவார். வத்தல் நெடி என்று பெத்தணன் சொல்வாரா? "நூறு வருசத்துத் தூசி, அண்ணாச்சி. நமக்கே சில சமயம் தாங்காது" என்று துண்டை எடுத்துத் தாமும் மூக்கைத் துடைத்துக்கொள்வார். வந்தவர் மரியாதையோடு இன்னொரு தும்மல் போடுவார்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தொடங்கும்போது பெத்தணன் யோக்கியமாகத்தான் தொடங்கினார். ஜமீன்களைச் சர்க்கார் ஒழித்த சமயம். அரண்மனை அரண்மனையாக ஏலம் போயிற்று. ஆவாரங்குளம் ஜமீனின் கட்டில், பீரோ, நிலைக்கண்ணாடி எல்லாவற்றையும் மாட்டுவண்டிகளில் ஏற்றி வந்தார். கால் ஒடிந்ததற்குக் கால் வைத்து, பிரம்பு பிய்ந்ததைப் பின்னி, அரக்குப் பாலிஷ் போட்டு விற்றார். இரண்டு வருஷத்தில் ஜமீன் சாமான் தீர்ந்துவிட்டது. கிராக்கியோ அப்போதுதான் பிறந்தது. சிவகாசிப் பக்கம் தீப்பெட்டியும் வெடியும் காலண்டரும் ஓகோவென்று ஓடின. மொசைக் தரையும் பால்கனியும் வைத்து வீடுகள் எழும்பின. அந்த வீடுகளில் ரேடியோ இருந்தது, மின்விசிறி இருந்தது, சுவர் முழுக்கத் தாங்களே அச்சடித்த சாமி படங்கள் இருந்தன. தாத்தா உட்கார்ந்த நாற்காலி மட்டும் இல்லை. தாத்தா உட்கார்ந்தது உப்பு மூட்டை மேல். அதைக் கூடத்தில் போட முடியுமா?

ஆகவே ஜமீன்கள் ஒழிந்த பிறகு ஜமீன் நாற்காலிகள் பெருகின. சங்கரலிங்க ஆசாரி என்ற ஒரே மனிதர் கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து அத்தனையையும் பெருக்கினார். இடித்த வீட்டு உத்திரத்துத் தேக்கில் சட்டம். சிங்க முகம் வைத்த கைப்பிடி. கடுக்காய்த் தண்ணீரும் தேயிலைச் சாயமும் விளக்குக் கரியும் பூசி, பத்து நாள் வெயிலிலும் பனியிலும் போட்டு எடுத்தால் நாற்காலிக்கு வயது எண்பது. ஆசனத்துக்கு அடியில் தாங்கலாகக் கொடுக்கிற பலகை மட்டும் கள்ளிப்பெட்டிப் பலகை. வெடிக் கம்பெனிகளிலிருந்து வெளியூருக்கு லோடு போய்க் காலியாகத் திரும்புகிற பெட்டிகள், பழைய சாமான்காரரிடம் கட்டுக்கட்டாகக் கிடைத்தன.

"பெட்டியில அச்சடிச்ச எளுத்தையாவது இழைச்சு விடுங்க ஆசாரியாரே" என்பார் பெத்தணன்.

"நாக்காலிய எவன் கீள படுத்துக்கிட்டுப் பாக்கப் போறான்?" என்பார் ஆசாரி. நியாயமாகத்தான் பட்டது.

பூச்சி அரித்த துளைகள் போடும் வேலை பெத்தணனின் மனைவி பேச்சியம்மாளுடையது. பேச்சியம்மாள் தாயில்பட்டிக்காரி, கல்யாணத்துக்கு முன்னால் வெடிகளுக்குத் திரித் துளை போட்டுப் பழகிய கை. தமரூசியை எடுத்தால் துளைகள் அளவெடுத்ததுபோல், ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளியில், நேர்கோட்டில் விழும்.

"பூச்சி என்ன ரேஷன் கடையிலயா நிக்குது, இப்படி வரிசையா? கொஞ்சம் கோணலாப் போடு தாயி."

"கோணலாப் போட்டா மேஸ்திரி கூலிய வெட்டுவாரு. அப்படிப் பளகின கை. இம்புட்டுப் பேசுதீகளே, நம்ம வீட்டுல உக்கார ஒரு முக்காலி உண்டா? ஊருக்கெல்லாம் சிம்மாசனம், நமக்குப் பெட்டி."

உண்மைதான். பெத்தணன் வீட்டில் கள்ளிப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுத்தான் உட்கார்வார்கள். அதற்கும் பூர்வீகம் சொல்ல அவருக்கு ஆசை உண்டு; மனைவிக்குப் பயந்து விட்டுவிட்டார்.

பூர்வீகக்காரர் பொய்யர் என்றா நினைக்கிறீர்கள்? அங்கேதான் தவறு. பொய்யருக்குத் தாம் சொல்வது பொய் என்று தெரியும். பெத்தணனுக்கு முதல் தடவை சொல்லும்போது தெரியும். மூன்றாவது தடவை கண் கலங்கும். வாடிக்கையாளர் விலை கேட்டால் காதில் வாங்கமாட்டார். "சாமான்னு சொல்லாதீக" என்று முதலில் கண்டிப்பார். பிறகு நாற்காலியைத் துண்டால் தட்டி, இரண்டடி பின்னால் நகர்ந்து, கோயிலில் நிற்பதுபோல் நிற்பார். உட்கார்ந்து பார்க்கிறேன் என்றால் விடமாட்டார். "செருப்ப அங்கன விட்டுட்டு வாங்க" என்பார். செருப்பைக் கழற்றிய மனிதர் வாங்காமல் திரும்பியதாகச் சரித்திரம் இல்லை.

இவ்வாறு பதினான்கு வீடுகளுக்கு ஆவாரங்குளத்துப் பெரிய ஜமீன்தார் உட்கார்ந்த ஒரே நாற்காலியை விற்றார். பதினைந்தாவது வீடு சிவகாசிக்குப் பக்கத்து விஸ்வநத்தத்தில், ரெட்டை முயல் மார்க் வெடிக் கம்பெனி முதலாளி சுந்தரபாண்டி அண்ணாச்சியுடையது.

அண்ணாச்சி மற்றவர்களைப் போல நாற்காலியைக் கூடத்தில் போட்டுவிட்டு ஓய்ந்திருக்கலாம். செய்யவில்லை. புதுவீட்டுப் பால்காய்ச்சுக்கு ஆவாரங்குளம் ஜமீனின் வாரிசு வெள்ளைத்துரையையே அழைத்துவிட்டார், தாத்தா நாற்காலியைப் பேரன் வந்து பார்க்கட்டும் என்று. வெள்ளைத்துரையிடம் ஜமீன் போய், கார் போய், மிச்சம் இருந்தது ஒரு பட்டு ஜிப்பா. அதைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, கூப்பிட்ட விசேஷத்துக்கெல்லாம் பஸ் ஏறிப் போவார். முதல் பந்தியில் உட்கார்வார்.

பெத்தணனுக்கும் அழைப்பு. கூடம் நிறைய வெடி முதலாளிகள், பிரஸ் முதலாளிகள், சம்பந்திகள். அவர்களில் பதினான்கு பேர் வீட்டில் இவருடைய நாற்காலி; ஒவ்வொருவரும் தம்முடையதுதான் அசல் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். இந்த ஒன்று புளுகு என்று தெரிந்தால் இன்று மாலைக்குள் பதினான்கு கூடங்களில் பதினான்கு நாற்காலிகள் கவிழ்க்கப்படும். நாளைக்குக் கடை இருக்காது. வெள்ளைத்துரை வாசலில் செருப்பைக் கழற்றியதைப் பார்த்ததும் பெத்தணன் கையிலிருந்த பாயசத்தைத் தூணோரம் வைத்துவிட்டார்.

வெள்ளைத்துரை நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றினார். சிங்க முகத்தைத் தடவினார். பூச்சித் துளைகளை உற்றுப் பார்த்தார்.

"என்ன, வரிசையா இருக்கு?"

"ஜமீன் வீட்டுப் பூச்சிங்க, ராசா. கட்டுப்பாடு உள்ளது" என்றார் பெத்தணன். வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

வெள்ளைத்துரை தலையாட்டினார். அவர் கண்ணில் தண்ணீர் கோத்தது. "தாத்தா மடியில இதே நாக்காலியிலதான் உக்காந்திருக்கேன். இந்தச் சிங்கத்து வாயில வெரல விட்டு அளுதிருக்கேன்" என்றார்.

கூடம் உருகியது. பெத்தணனுக்குப் போன உயிர் வந்தது. ஆனால் பூர்வீகம் என்பது ஒருவர் சொன்னால் வியாபாரம். இருவர் சொன்னால் வழக்கு. வெள்ளைத்துரை கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

"சரி முதலாளி. சிம்மாசனத்த விக்கலாம்னு யாரு கையெளுத்துப் போட்டது? ஏலத்துல போனது கட்டில், பீரோ. இது போகல. இது எங்க வீட்டுக்குத் திரும்பணும்."

அண்ணாச்சி பெத்தணனைப் பார்த்தார். "என்ன தம்பி இது?"

போன வருஷம் தை மாதம் ஆசாரி செய்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் நாற்காலி அண்ணாச்சிக்கு, கடை காலி. சொல்லாவிட்டால் நாற்காலி வெள்ளைத்துரைக்கு. அண்ணாச்சி சும்மா விடமாட்டார். பெத்தணன் துண்டைத் திருகிக்கொண்டு நின்றார்.

"சந்தேகமா இருந்தா கவுத்துப் பாருங்க" என்றார் வெள்ளைத்துரை. "அடியில எங்க தாத்தா பேர வெட்டியிருக்கு."

பெத்தணன் திகைத்தார். இந்த நாற்காலியை இந்த மனுஷர் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. என்ன தைரியம், என்ன நிதானம். நம் இனமல்லவா இவர்? ஆனால் பாராட்ட இது நேரமில்லை.

"சிம்மாசனத்தக் கவுக்கக் கூடாதுங்க ராசா. ஆகாதும்பாக."

"யாரு சொன்னா?"

"உங்க தாத்தாதான்."

எடுபடவில்லை. அண்ணாச்சி கண்ணைக் காட்ட, கம்பெனி ஆட்கள் நாலு பேர் நாற்காலியைத் தூக்கித் தலைகீழாக மொசைக் தரையில் வைத்தார்கள்.

அடிப்பலகையில் தாத்தா பெயர் இல்லை. சிவப்பு மசியில் ஒன்றையொன்று பார்த்தபடி இரண்டு முயல்கள் இருந்தன. அதற்குக் கீழே, 'தீ அருகே வைக்காதே. சிவகாசி'.

அந்த முயலைத் தெரியாதவர் அங்கே யார்? அண்ணாச்சியின் பெட்டி, அண்ணாச்சியின் லோடு, போய்வந்த பெட்டியை அண்ணாச்சியே விலை கொடுத்து வாங்கிக் கூடத்தில் போட்டு, அதைப் பார்க்க ஊரையும் கூட்டியிருக்கிறார். பெத்தணன் கண்ணை மூடிக்கொண்டார். கடை போயிற்று. அண்ணாச்சி வந்து சட்டையை எந்தப் பக்கம் பிடிப்பார் என்பதுதான் பாக்கி.

அண்ணாச்சி குனிந்து முயல்களை விரலால் தடவினார். நிமிர்ந்து சம்பந்திகளைப் பார்த்தார். எதிர்க் கம்பெனிக்காரர்களைப் பார்த்தார். அவர்கள் உதட்டில் சிரிப்பு இன்னும் வரவில்லை. வருகிற வழியில் இருந்தது.

"பாத்தீகளா, எங்க மார்க்கு" என்றார் அண்ணாச்சி.

எதிர்க் கம்பெனிக்காரர் ஒருவர் கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"எங்க தாத்தா காலத்து மார்க்கு. ஆவாரங்குளத்துத் திருவிளாவுக்கு வாணவேடிக்க போட்டது யாரு? எங்க தாத்தாதான். ஒரு வருசம் வானத்துல மயில் தோக விரிச்சதப் பாத்துப் பெரிய ஜமீன்தார் மெச்சி, தன்னோட சொந்த நாக்காலிய எறக்கி, எங்க மார்க்கயும் அடியில போடச் சொல்லிக் குடுத்தாரு. தீ கிட்ட வைக்காதேன்னு அவரு வாயாலயே சொன்னாரு. நடுவுல எப்படியோ கை மாறிப் போச்சு. இப்ப வந்து சேந்திருக்கு. இல்லையா, ராசா?"

கம்பெனிக்கு வயது பன்னிரண்டு. வெள்ளைத்துரை அண்ணாச்சியைப் பார்த்தார். அப்பால் பந்தியில் இலை விழுவதைப் பார்த்தார்.

"தாத்தா சொல்லியிருக்காரு" என்றார்.

நாற்காலி நிமிர்ந்தது. அண்ணாச்சி அதில் சாய்ந்து உட்கார்ந்து இரண்டு சிங்கங்களின் தலையிலும் கை வைத்தார். எதிர்க் கம்பெனிக்காரர்களின் சிரிப்பு வந்த வழியே திரும்பிப் போயிற்று. பெத்தணனுக்கோ பயம் போன இடத்தில் பொறாமை வந்து உட்கார்ந்தது. வானத்து மயில் தமக்கு ஏன் தோன்றவில்லை?

சாப்பிட்டுக் கை கழுவும் இடத்தில் அண்ணாச்சி அவரை ஓரங்கட்டினார்.

"தம்பி."

"அண்ணாச்சி."

"இதுக்குச் சோடி ஒண்ணு இருந்திருக்கணுமே."

பெத்தணன் ஒரு கணம்தான் யோசித்தார். "இருக்கு அண்ணாச்சி. நம்ம கடையிலதான் இருக்கு. பலக இழைச்சு, சுத்தமா..."

"ஏலே, எதுக்கு இழைக்க? எங்க தாத்தா நாக்காலில முயல் இல்லாம இருக்குமா? பெட்டி நான் அனுப்புதேன்."

மறுவாரம் விருதுநகர்க் கடை வாசலில் வண்டி வண்டியாக நாற்காலிகள் வந்து இறங்கின. எண்ணினால் பதினான்கு. கட்டையைக் கொண்டு அடிக்க வருகிறார்கள் என்றே பெத்தணன் நினைத்துப் பின்பக்கம் போய் நின்றார். பேச்சியம்மாள்தான் எட்டிப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். ஒவ்வொரு முதலாளியும் தம் கம்பெனிப் பெட்டிப் பலகை ஒன்றைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தும்மியபடி, செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறார்.

சிரிக்கிறீர்கள். நல்லது. இதைப் படிக்கும்போது எதில் உட்கார்ந்திருக்கிறீர்கள்? விருந்தாளி வந்தால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டுகிற ஒரு செம்புப் பானையோ சுவர்க் கடிகாரமோ உங்கள் வீட்டில் இல்லை? "எங்க கொள்ளுத் தாத்தா காலத்துது" என்று சொல்லும்போது உங்கள் குரல் சற்று இறங்குவதில்லை? அந்தக் கொள்ளுத் தாத்தாவின் பெயர் என்ன? அவசரம் இல்லை, யோசித்துச் சொல்லுங்கள். ஒருவேளை அதைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றினால், வீட்டில் வேறு யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள்.