பிளேட் சாரின் இரண்டாவது பக்கம்

தன் சாவு ஊர்வலத்துக்கு மூன்று முறை ஒத்திகை பார்த்து, மூன்று முறையும் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து உட்கார்ந்த மனிதர், எனக்குத் தெரிந்து சித்தூர் ஜில்லாவிலேயே பிளேட் சார் ஒருவர்தான்.

சித்தூரில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் அவருக்கு என் பக்கத்து மேஜை. கல்யாணம் செய்துகொள்ளாதவர். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. பழைய கிராமபோன் பிளேட்டுகளைச் சேர்த்ததால் பிளேட் சார். அதிலும் ஜாஸ் மட்டும்தான் சேர்ப்பார். அமெரிக்காவின் தெற்கே ஒரு துறைமுக நகரத்தில் கறுப்பின மக்கள் பித்தளை வாத்தியங்களில் ஊதி வளர்த்த இசை அது. "அஞ்சு பேர் ஒரே நேரத்துல பேசுவான், ஆனா சண்டை இருக்காது. நம்ம ஆபீஸ்ல நடக்குமாய்யா?" என்பார்.

ஒரு டிசம்பர் சனிக்கிழமை, சென்னைக்கு வந்திருந்த வெளிநாட்டு ஜாஸ் குழுவைக் கேட்க என்னையும் இழுத்துப் போனார். அங்கே ஒருவர் தனியாக ஊதி முடித்ததும் சபை கைதட்டியது. இந்தப் பழக்கம் பிளேட் சாரை நோய் மாதிரி தொற்றிக்கொண்டது. அடுத்த தை மாதம் நாராயணவனத்தில் ஒரு கல்யாணம். பேண்டு செட்டில் கிளாரினெட் வாசித்த முனிரத்தினம் ஒரு சுற்று வாசித்துவிட்டு மூச்சு வாங்கினார். பிளேட் சார் எழுந்து நின்று தட்டினார். மண்டபத்தில் அவர் ஒருவர் மட்டும்.

"ஏமய்யா, தாகொச்சாவா?" என்று பெண்ணின் அப்பா தெலுங்கில் சீறினார். குடித்துவிட்டு வந்த ஆள் என்றே எல்லோரும் முடிவு கட்டினார்கள். முனிரத்தினம் மட்டும் பந்தியில் எங்களைத் தேடி வந்தார்.

"எனக்கா சார் தட்டுனீங்க? இருவது வருசமா ஊதிக்கினு கீறேன். ஒருத்தனும் தட்னதில்ல."

ரேணிகுண்டாவில் ஒரு பழைய ரயில்வே குடும்பம் வீட்டைக் காலி செய்தபோது மூட்டையாகப் போட்ட சாமான்களில் இருந்து, திருப்பதி இரும்புக் கடை ஒன்றில் ஒரு பிளேட்டு அவருக்குக் கிடைத்தது. லேபிள் கிழிந்திருந்தது. விளிம்பிலிருந்து நடுவரை ஒரு விரிசல். முதல் பக்கத்தில் ஒரு சவ ஊர்வலத்தின் பேண்டு, காலை இழுத்து இழுத்து நடப்பதுபோல் வாசித்தது. இரண்டாவது பக்கத்தில் அதே பேண்டு அடக்கம் முடித்துத் திரும்புகிறது, ஒரே குதியாட்டம். ஜாஸ் பிறந்த அந்த ஊர் வழக்கம் அப்படியாம். போகும்போது செத்தவனுக்காக, வரும்போது உயிரோடிருப்பவனுக்காக. எங்கள் பக்கம் நேர் எதிர். போகும்போது பட்டாசும் ஆட்டமும். வரும்போது சத்தமே கூடாது.

அந்த வருஷமே அவருக்கு நுரையீரலில் புற்று என்று தெரிந்தது. திருப்பதியில் டாக்டர் தயங்கித் தயங்கிச் சொன்னதை முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"எந்த மாசம்னு தோராயமா சொல்லுங்க டாக்டர். தை, மாசின்னா கல்யாண சீசன், பேண்டுக்காரங்க கிடைக்க மாட்டாங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

சீசன் முடிந்த மாங்காய் மண்டிக் கொட்டகையில் மூன்று ஞாயிறு, மாலை நாலு மணிக்கு அவர் ஊர்வலத்துக்கு ஒத்திகை நடந்தது. முனிரத்தினத்தின் குழு பிளேட்டைக் கேட்டுக் கேட்டு அப்படியே பிடித்தது. ரொம்பவே அப்படியே. விரிசலில் ஊசி ஏறி இறங்கும் 'டக்' சத்தத்தையும் டிரம்காரர் விடாமல் அடித்தார்.

"யோவ், அது வாத்தியம் இல்லய்யா. பிளேட்டு ஒடைஞ்சிக்கீது" என்றார் பிளேட் சார்.

"ஒடைஞ்சா இன்னா சார்? கேக்குதில்ல? பத்து நாளு இதுக்குத்தான் கஷ்டப்பட்டேன்."

பிளேட் சார் கவிழ்த்த மாங்காய்க் கூடை மேல் உட்கார்ந்து, இருமலும் சிரிப்புமாக, "சரி, அடி" என்றார். மூன்றாவது ஞாயிறு அவரை ஆட்டோவிலிருந்து தூக்கித்தான் இறக்கினோம். அன்று என்னிடம் சொன்னார்: "ரெண்டாவது பக்கத்தை நீதான் பாத்துக்கணும். நான் பேசற நிலைமைல இருக்க மாட்டேன்." சரி என்றேன்.

ஆடி இரண்டாம் புதன், காலை ஆறு ஐம்பதுக்குப் போனார். பேண்டுக்கு வேறு வேலை இல்லாத மாதம்.

பாலசமுத்திரத்தில் அவருடைய தம்பி வீட்டிலிருந்து ஊர்வலம் கிளம்பியது. பேண்டு முதல் பக்கத்தை ஆரம்பித்தது. ஓர் அடி, ஒரு நிறுத்தம். மறுபடி ஓர் அடி. வெயில் மண்டையைப் பிளந்தது. பாடை தூக்கியவர்களில் ஒருவர் திரும்பிக் கத்தினார்: "யோவ் பேண்டு! இந்த நடைக்கு நாளைக்குத்தான் சுடுகாடு வரும். தோள் போவுதுய்யா!" ஆடுவதற்கென்றே வந்திருந்த நாலு பேர் எந்தக் காலை எடுத்து வைப்பதென்று தெரியாமல் சண்டை போட்டுக்கொண்டார்கள்.

குழி மூடியாயிற்று. சுடுகாட்டு வாசல் பம்பில் எல்லோரும் கால் கழுவினோம். முனிரத்தினம் என் முகத்தைப் பார்த்தார். நான் தம்பியிடம் போய், ஒத்திகை நடந்ததையும் திரும்பும்போது வாசிக்க அவர் கேட்டுக்கொண்டதையும் மெதுவாகச் சொன்னேன்.

"வரப்போ மேளமா?" தம்பிக்குக் குரல் ஏறியது. "ஊரு இன்னா பேசும்? அண்ணன் செத்ததுக்கு தம்பி கல்யாணம் பண்ணிக்கினு வரான்னு காறித் துப்புவானுங்க. கெளம்பச் சொல்லுங்க சார்."

எனக்கு எதிர்த்துப் பேசி வழக்கமில்லை. முனிரத்தினம் கிளாரினெட்டைக் கழற்றிப் பெட்டியில் வைக்க ஆரம்பித்தார்.

தம்பி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதுக்கு எங்க அண்ணன் நேர்ல வந்து ஒக்காந்தாரா?"

"மூணு தபா வந்தாரு. ரெண்டாவது பக்கம் வந்தா சிரிப்பாரு பாருங்க, இருமலு வந்து அடைச்சாலும் சிரிப்பாரு."

தம்பி பம்பின் பிடியைப் பற்றிக்கொண்டு நின்றார்.

"எங்க நைனா செத்துப் போனப்போ எனக்கு ஆறு வயசு. அன்னிலேர்ந்து வூட்ல அண்ணன் சிரிச்சு நான் பாத்ததே இல்ல." முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்தார். "வாசிங்க. அது இன்னா பாட்டுன்னு நானும் கேக்கறேன்."

வாசித்தார்கள். ஊர் எல்லையில் இரண்டு பேர் நின்று திட்டினார்கள். தம்பி நிற்கவில்லை, பேண்டுக்குப் பக்கத்திலேயே, அழுதுகொண்டே, கொஞ்சம் வேகமாக நடந்தார்.

சுடுகாட்டிலிருந்து வரும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது என்பார்கள். நான் பார்த்தேன். அவ்வளவு தூரத்தில் பிளேட் சாருக்குக் கேட்குமா என்று ஒரு சந்தேகம்.