லத்தீன் புருவம்

சிவசங்கரனைப் பற்றி ஆபீஸ் ஃபீட்பேக் படிவத்தில் யாரோ பெயர் போடாமல் எழுதிக் கொடுத்திருந்தது ஒரே ஒரு வார்த்தை: ‘சூப்பர்சிலியஸ்’. டீம் லீட் பதவி யாருக்கு என்று மேனேஜர் லாயிட் நாலு மணிக்குச் சொல்லப்போகிற நாளில் இது வேறு!

“சூப்பர்னுதானேங்க ஆரம்பிக்குது? நல்லதாத்தான் இருக்கும்” என்றாள் போனில் அவன் மனைவி கிருத்திகா.

“இல்லடி, மண்டைக்கனம் பிடிச்சவன்னு அர்த்தம். ஆனா கேளேன்! லத்தீன்ல சிலியம்னா இமை. அதுக்கு மேல இருக்கற புருவம் சூப்பர்சிலியம். புருவத்தைத் தூக்கித் தூக்கிப் பாக்கறவன்! கோளாறு என் குணத்துல இல்ல, புருவத்துலதான்!”

வேர்ச்சொல் கிடைத்த குஷியில் அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. புருவங்களைக் கீழே இறக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தான்.

“வயித்து வலியா சிவா?” என்றாள் எதிரே வந்த பக்கத்து சீட் தாரணி.

இது சரிப்படாது என்று எதிர்ச்சாரியில் இருந்த வீணாவின் பியூட்டி பார்லருக்கு ஓடினான். லத்தீன் உட்பட எல்லாவற்றையும் விளக்கினான். வீணா ஆச்சரியமே படாமல் புருவம் திருத்தும் நூலைப் பல்லில் கடித்தாள்.

பாதியில் சிவசங்கரன் தும்மினான். இடது புருவம் வில்லாக மேலே ஏறிவிட்டது.

“ஐயோ, இப்பத்தான் ரொம்பத் திமிராத் தெரியுது!”

“டென்ஷன் வேணாம் சார். வலதையும் மேட்ச் பண்ணிடறேன்.”

மேட்ச் ஆனது. இரண்டும் சேர்ந்து உலகத்தையே கேவலமாகப் பார்த்தன.

“மொத்தத்தையும் எடுத்துடுங்க மேடம்!” என்று கத்தினான்.

நாலு மணி மீட்டிங்குக்குள் நுழைந்தான். தாரணி தண்ணீர் பாட்டிலைக் கீழே போட்டாள். புருவமே இல்லாத முகத்தை லாயிட் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். தடித்த கறுப்பு பிரேம் போட்ட கண்ணாடிக்குள் அவர் கண்கள் கலங்கின. போச்சு, வேலையே போச்சு என்று நினைத்தான் சிவசங்கரன்.

“குறை சொன்னா உடனே திருத்திக்கற ஆள்தான் நமக்கு வேணும்” என்றார் லாயிட். “டீம் லீட், சிவசங்கரன்!”

மைசூர்பாகு டப்பாவோடு பார்லருக்குள் பாய்ந்தான். “மேடம், கெடைச்சிடுச்சு!”

வீணா ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டாள்.

“போன மாசம் உங்க லாயிட் சாரும் இதே லத்தீனைச் சொல்லித்தான் வந்து உக்காந்தாரு. அதுக்கப்புறந்தானே சார் அந்தப் பெரிய கண்ணாடி!”