பெருவிரல் நானாவின் பட்டன்

மாத்தளை மாவட்டத்தில் பெருவிரல் நானா அளக்காத பெருவிரலே கிடையாது. எங்கள் சின்ன மென்பொருள் கம்பனியில் அவருக்கு வேறு பெயர் இருந்ததாக நினைவில்லை. இரத்தோட்டை பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களிடம் அளக்கும் அடிமட்டத்தை நீட்டி, "கொஞ்சம் விரலக் காட்டுங்க" என்பார். கைரேகை பார்க்கிறார் என்று நம்பி ஒருவர், கல்யாணம் எப்போது என்று கேட்டார். "செவ்வாக்கெழம" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

எல்லாம் விரலுக்கேற்ற பட்டனுக்காகத்தான். எங்கள் செயலிகளுக்குப் பட்டன், பெட்டி எல்லாம் வேறு யாரோ ஆயத்தமாக எழுதிவைத்த ஒரு லைப்ரரியிலிருந்து வரும். அதன் கோப்புகளிலேயே கைவைத்து அளவை மாற்றுவோம். புதுப் பதிப்பு வந்தால் செய்ததெல்லாம் அழிந்துபோகும்.

"அடுத்தவன்ட கூலி வீட்டுச் செவுத்துல ஆணி அடிக்கலாமா தங்கச்சி? சாமான் உள்ள வரும்போதே பெயின்ட் அடிச்சிரணும்" என்று சொல்லி, நானா ஒரு ப்ளகின், அதாவது கூடச் சேர்க்கும் சின்னப் புரோகிராம், எழுதினார். நாங்கள் எழுதியது கம்பைல் ஆகி, ஓடக்கூடிய செயலியாக மாறும்போதே அது லைப்ரரிப் பட்டன்களின் நிறத்தையும் அளவையும் மாற்றிவிடும். லைப்ரரியை யாரும் தொட வேண்டாம்.

அருமையான வேலை. ஆனால் அதை முதலில் அலுவலக லீவுப் பக்கத்தில் சோதித்ததுதான் வினை. போனுக்கென்று வைத்த அளவு அந்தப் பக்கத்துக்குப் பொருந்தாமல், லீவு கேட்கும் பட்டன் திரையையே அடைத்துக்கொண்டது. எங்கே தொட்டாலும் லீவு. அன்று ஒன்பது பேர் லீவு கேட்டிருந்தோம். மனேஜரும் தன்னையறியாமல் கேட்டிருந்தார்.

மனேஜர் யாழ்ப்பாணத்துக்காரர். கொதித்துப்போனார்.

"உது பட்டனோ? ஒராள் ஏறிப் படுக்கலாம் போல கிடக்கு! இனி உந்த ப்ளகினை எங்கயாவது கண்டன் எண்டால், நீர் வீட்டை போகவேண்டியதுதான்!"

உக்குவளை மிளகு முதலாளிக்குச் செய்த செயலியிலிருந்தும் ப்ளகினைச் சேர்க்கும் வரியை எடுக்கும்படி என்னிடம் சொன்னார். வாயைத் திறக்காமல் எடுத்தேன். நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

முதலாளி செயலியைப் பார்க்க வந்தார். ஒவ்வொரு விரலும் ஒரு வாழைப்பழம். மிளகைத் தொட்டார், கராம்பு வந்தது. மறுபடி தொட்டார், சாதிக்காய் வந்தது.

"என்னங்க இது, சின்னப் புள்ளைங்களுக்குச் செஞ்சதா? எனக்கு வேணாங்க" என்று எழுந்துவிட்டார்.

நானா அவருக்கு ஒரு தேத்தண்ணியைக் கொடுத்து உட்கார வைத்தார். பிறகு மனேஜரின் கண்முன்னாலேயே அந்த வரியைத் திரும்பப் போட்டார். அவர் வேலை போனது என்றே நினைத்தேன். கம்பைல் முடிந்ததும் போனை நீட்டினார். மிளகைத் தொட்டால் மிளகே வந்தது.

"இதத்தாங்க கேட்டேன்! யாரு செஞ்சது?"

"எங்க மனேஜர் சேர் சொன்னாங்க, நான் செஞ்சேன்" என்றார் நானா.

மனேஜருக்கு இருமல் வந்துவிட்டது.

முதலாளி போனதும் நானாவிடம், "வரிய எடுத்தது நான்தான்" என்றேன்.

"வரிய யாரு மாத்துனாலும் கம்பியூட்டர்ல அவங்க பேரு விழும்தானே தங்கச்சி. காலையிலயே பாத்துட்டேன். வாங்க, சாப்புடப் போவோம்."

அன்று அவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் நானும் வேலையை விட்டுப் பின்னாலேயே போயிருப்பேன். இதை மட்டும் அவரிடம் இன்னும் சொல்லவில்லை.